வெள்ளை அடிச்சா போதாதா? மாமல்லபுரம் லைட் ஹவுசை காப்பாற்ற திட்டம் எதற்கு?

மாமல்லபுரம்,

மாமல்லபுரத்துக்கு சுற்றுலா வருகிறவர்கள் கடற்கரை கோவில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை பாறை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக மூச்சு வாங்க ஏறுகிற இடம் லைட் ஹவுஸ். மேலே போய் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். காற்று பிய்த்துக்கொண்டு போகும். செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த பாறை குன்றின் மேல் இருப்பது ஒரு லைட் ஹவுஸ் அல்ல. இரண்டு!

இரண்டுமே கல் கட்டிடம். இரண்டுமே உப்புக்காற்றில் நிற்கின்றன. ஒன்றுக்கு வயது 120-ஐ தாண்டிவிட்டது. இன்னொன்றுக்கு 1200 வருஷத்துக்கும் மேல். இப்படிப்பட்ட கட்டிடங்களை அடுத்த தலைமுறைக்கு பத்திரமாக கொண்டு போய் சேர்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு திட்டம் வேண்டும் என்கிறார்கள் பழைய கட்டிடங்களை பராமரிக்கும் என்ஜினீயர்கள்.

"இதுக்கு எதுக்கு திட்டம்? விரிசல்ல சிமெண்டு வெச்சு அடைச்சு, மேல வெள்ளை அடிச்சா போதாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த சிமெண்டுதான் பழைய கல் கட்டிடத்துக்கு முதல் எதிரி என்பது பலருக்கு தெரியாது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கோவில் மேல் எரிந்த விளக்கு

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை கரைக்கு அழைக்கும் விளக்கு என்பதால் கலங்கரை விளக்கம் என்று பெயர் வந்ததாக சொல்வார்கள். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையிலேயே கலங்கரை விளக்கம் பற்றிய செய்தி இருக்கிறது. ஆக, தமிழ்நாட்டு கடற்கரைக்கு இது புதிய சமாச்சாரம் அல்ல.

மாமல்லபுரம் குன்றின் மேல் இருக்கும் பழைய கட்டிடம் ஒலக்கண்ணேஸ்வரர் கோவில். பல்லவர்கள் 8-ம் நூற்றாண்டில் கட்டியது. இதற்கு நேர் கீழேதான் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. கோவிலின் விமானம் இப்போது இல்லை. மேல் பகுதி மொட்டையாகத்தான் நிற்கிறது.

உயரமான இடம், கடலில் இருந்து நன்றாக தெரியும் என்பதால், 1887-ல் ஆங்கிலேயர்கள் இந்த கோவில் கட்டிடத்தின் மேலேயே விளக்கு வைத்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பு, பல்லவர் காலத்திலேயே இங்கே இரவில் தீ மூட்டி கப்பல்களுக்கு வழி காட்டினார்கள் என்றும் ஊரில் சொல்லப்படுகிறது.

பிறகு பக்கத்திலேயே தனியாக ஒரு வட்ட கோபுரம் எழுப்பினார்கள். பூச்சு வேலை இல்லாமல், கல்லை கல்லாகவே விட்டு கட்டிய கோபுரம் அது. 1904-ல் இருந்து அதில்தான் விளக்கு எரிகிறது. பாதுகாப்பு கருதி பல வருஷம் பொதுமக்களை உள்ளே விடாமல் இருந்தார்கள். 2011-ல்தான் மறுபடியும் மேலே ஏற அனுமதி கிடைத்தது.

இரண்டு வீட்டுக்காரர்கள்

இந்த இரண்டு கட்டிடமும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பொறுப்பு வேறு வேறு.

பழைய கோவில், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். விளக்கு எரியும் கோபுரமோ மத்திய கப்பல் துறை அமைச்சகத்தின் கீழ் வரும் கலங்கரை விளக்கங்கள் துறையின் சொத்து. மாமல்லபுரம் சிற்பங்கள் 1984-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் உலகத்தின் கண்ணும் இங்கே இருக்கிறது.

லைட் ஹவுஸ்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் 1927-ல் போட்ட சட்டம்தான் ரொம்ப நாளாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 2021-ல் புது சட்டம் கொண்டு வந்தார்கள். அதில், பழமையான லைட் ஹவுஸ்களை பாரம்பரிய கலங்கரை விளக்கம் என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி அறிவித்தால் கப்பலுக்கு வழி காட்டுவதோடு கல்வி, கலை, சுற்றுலாவுக்கும் அதை பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரி 28-ந்தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில், நாடு முழுவதும் 75 லைட் ஹவுஸ்களில் செய்யப்பட்ட சுற்றுலா வசதிகளை பிரதமர் மோடி தொடங்கி வைத்தார்.

அதாவது இனிமேல் லைட் ஹவுஸ்களுக்கு கூட்டம் கூடத்தான் போகிறது. கூட்டம் கூடுவதற்கு முன்பே கட்டிடத்தை பாதுகாக்க திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் ஸ்கேன், அப்புறம்தான் ஆபரேஷன்

வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்கு போனால் டாக்டர் எடுத்தவுடன் கத்தியை கையில் எடுப்பதில்லை. ரத்த பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார். பழைய கட்டிடமும் அப்படித்தான்.

திட்டத்தின் முதல் வேலை அளவு எடுப்பது. அடி முதல் உச்சி வரை ஒவ்வொரு கல் வரிசையையும் அளந்து வரைபடம் போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். இப்போது லேசர் கருவி வந்துவிட்டதால், அதை வைத்து சுற்றிலும் அளந்து கம்ப்யூட்டரில் முழு கோபுரத்தையும் அப்படியே வரைந்துவிடலாம். நாளைக்கு இடி விழுந்தோ, நில நடுக்கம் வந்தோ கல் சரிந்தாலும், எந்த கல் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்து திரும்ப வைக்க இந்த படம்தான் ஆதாரம்.

இரண்டாவது வேலை பழைய காகிதங்களை தேடுவது. எப்போது கட்டினார்கள், எந்த ஆண்டு என்ன பழுது பார்த்தார்கள், எந்த விளக்கை கழற்றி எந்த விளக்கை மாட்டினார்கள் என்ற விவரம் எல்லாம் பழைய அரசாங்க பதிவேடுகளில் இருக்கும். அதை பார்க்காமல் வேலை தொடங்கினால் குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

மூன்றாவது வேலை நோயை கண்டுபிடிப்பது. ஒரு விரிசல் தெரிந்தால் அது பழைய விரிசலா, இன்னும் பெரிதாகிக்கொண்டு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விரிசலுக்கு குறுக்கே ஒரு சின்ன கண்ணாடி துண்டை ஒட்டி தேதி எழுதி வைப்பார்கள். சில மாதம் கழித்து கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். உடையாமல் இருந்தால் பயம் குறைவு. வெயில் காலம், மழைக்காலம் இரண்டிலும் பார்க்க வேண்டும் என்பதால் இதற்கே ஒரு வருஷம் ஆகலாம்.

உப்பு என்ன செய்யும்?

கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது நன்றாக தெரியும். ஜன்னல் கம்பி நாலு வருஷத்தில் துரு பிடித்துவிடும். சுவரில் வெள்ளை வெள்ளையாக பூத்து பூச்சு உதிரும். லைட் ஹவுசுக்கும் அதே தொல்லைதான்.

உப்பு கலந்த ஈரம் கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் இறங்குகிறது. வெயில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகி போய்விடும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கி கட்டியாக உறையும். உறையும்போது அது பெரிதாகி கல்லை உள்ளே இருந்து தள்ளும். தினமும் இது நடந்தால் கல்லின் மேல் தோல் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கடற்கரை கோவில் சிற்பங்களின் முகம் மழுங்கிப்போனதற்கு காற்று, மணலோடு இந்த உப்பும் முக்கிய காரணம்.

அங்கே தொல்லியல் துறை ஒரு வைத்தியம் செய்தது. காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊற வைத்து கூழாக்கி, சிற்பத்தின் மேல் அப்பிவிடுவார்கள். காய காய கல்லுக்குள் இருக்கும் உப்பை அந்த கூழ் உறிஞ்சிவிடும். பிறகு உரித்து எடுத்துவிட்டு மறுபடியும் அப்ப வேண்டும். உப்பு குறையும் வரை இதே வேலைதான்.

அடுத்த எதிரி இரும்பு. ஜன்னல் சட்டம், கைப்பிடி, பால்கனி, விளக்கு கூண்டு என்று லைட் ஹவுசில் இரும்பு வேலை நிறைய உண்டு. கல்லுக்குள் பதித்த இரும்பு துரு பிடித்தால் அது உப்பி, முன்பை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கருங்கல்லே பிளந்துவிடும். எங்கெங்கே இரும்பு புதைந்திருக்கிறது என்று கருவி வைத்து கண்டுபிடித்து, தேவையான இடத்தில் துரு பிடிக்காத எவர்சில்வர் போன்ற உலோகத்தை மாற்றுவது திட்டத்தில் முக்கியமான பகுதி.

மூன்றாவது எதிரி செடி. காக்கா எச்சத்தில் விழும் ஆலம், அரச விதை ஒரு சின்ன இடுக்கில் முளைத்தால் போதும். வேர் உள்ளே போய் சுவரையே பிளந்துவிடும். பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

சிமெண்டு ஏன் கூடாது?

இப்போது அந்த கேள்விக்கு வருவோம்.

பழைய கட்டிடங்கள் சுண்ணாம்பு சாந்தில் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு கொஞ்சம் மிருதுவானது. அது மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் அந்த சாந்து வழியாகவே வெளியே வந்துவிடும். உப்பு சேதம் வந்தாலும் முதலில் உதிர்வது சாந்துதான், கல் அல்ல. உதிர்ந்த சாந்தை சுரண்டிவிட்டு புது சாந்து வைத்துக்கொள்ளலாம். கல் தப்பித்துவிடும்.

சிமெண்டு அப்படி அல்ல. கல்லு மாதிரி இறுகிவிடும். ஈரத்தை வெளியே விடாது. அதிலும் உப்பு இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வேறு வழி இல்லாமல் கல் வழியாக வெளியே வரும். அப்போது உதிர்வது கல்லாக இருக்கும். தப்பு நடந்துவிட்டது என்று பத்து வருஷம் கழித்து சிமெண்டை எடுக்கப் போனால் கல்லின் ஓரமும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.

வெள்ளை அடிப்பதிலும் இதே கதைதான். பிளாஸ்டிக் கலந்த பெயிண்டை கல் மேல் அடித்தால், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வேர்ப்பது மாதிரி ஆகிவிடும். ஈரம் உள்ளேயே புழுங்கும்.

அதனால்தான் பழைய முறையில் சுண்ணாம்பை நீர்த்து, புளிக்க வைத்து, மணல் சேர்த்து அரைத்து பூசுகிறார்கள். நம் ஊரில் கடுக்காய் ஊறிய தண்ணீரும், வெல்லமும் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஒரே நாளில் வேலை முடியாது. சிமெண்டு மாதிரி காலையில் பூசி மாலையில் சாரத்தை பிரிக்க முடியாது. ஆனால் நின்று பேசும்.

எதை செய்யக்கூடாது?

நல்ல திட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை விட என்ன செய்யக்கூடாது என்பதுதான் பெரிய பட்டியல். 2014-ல் வெளியான தொல்லியல் துறையின் தேசிய பாதுகாப்பு கொள்கையும், முடிந்தவரை குறைவாக கை வைக்க வேண்டும், பழைய பொருளையும் பழைய முறையையும் விடக்கூடாது என்றுதான் சொல்கிறது.

உதாரணத்துக்கு, ஒலக்கண்ணேஸ்வரர் கோவிலின் காணாமல் போன விமானத்தை புதுசாக கட்டலாமா? கூடாது. அது எப்படி இருந்தது என்று உறுதியாக தெரியாமல் கட்டினால் அது பல்லவர் கோவிலாக இருக்காது, நம்முடைய கற்பனையாகத்தான் இருக்கும்.

சரி, விளக்கு வைப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் கோவிலில் செய்த மாற்றம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை இடித்து தள்ளிவிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபம் இல்லை. கோவில் லைட் ஹவுஸ் ஆன கதையும் இந்த ஊர் வரலாறுதானே! எதை வைப்பது, எதை எடுப்பது என்று வேலைக்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். புதிய கோபுரம் வெறும் காட்சிப்பொருள் அல்ல. இன்றைக்கும் ராத்திரியில் விளக்கு எரிகிறது. படகில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டாலும், பேட்டரி தீர்ந்துபோன ராத்திரியில் கரையை காட்டுவது அந்த வெளிச்சம்தான். வேலை நடக்கும்போது சாரம் கட்டி விளக்கை மறைத்துவிட்டால் கடலில் இருப்பவர்கள் குழம்பிப் போவார்கள். அதனால் தற்காலிக விளக்குக்கு ஏற்பாடு செய்துவிட்டு, கப்பல்களுக்கும் படகுகளுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு கொடுப்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர்?

லைட் ஹவுஸ் என்பது நாலு பேர் வேலை பார்ப்பதற்காக கட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்குவதற்காக அல்ல. படி குறுகல். மேலே நிற்கும் இடமும் குறைவு. பொங்கல் லீவில் கூட்டம் நெருக்கினால் அந்தரத்தில் நிற்கும் பால்கனிக்கும் ஆபத்து, ஏறியவர்களுக்கும் ஆபத்து.

எனவே ஒரு நேரத்தில் எத்தனை பேரை விடலாம், அவசரத்தில் எப்படி இறக்குவது, இடிதாங்கி சரியாக வேலை செய்கிறதா என்பதை எல்லாம் கணக்கு போட்டு திட்டத்தில் எழுத வேண்டும்.

வருகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. சாவியாலும் ஆணியாலும் பேர் கிறுக்குவது விளையாட்டு அல்ல. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தை சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

உள்ளூர்க்காரர்களின் கவலை

பாதுகாப்பு திட்டம் என்றாலே உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பயம் வரும். அதிலும் நியாயம் இருக்கிறது.

2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிதாக வீடு, கடை கட்ட முடியாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாமல்லபுரத்தில் திரும்பிய பக்கம் எல்லாம் சின்னம் என்பதால் ஊரின் பெரும் பகுதி இந்த வளையத்துக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் பலருக்கு தெரியாத ஒரு வழி உண்டு. தடை செய்யப்பட்ட பகுதியில் 1992 ஜூன் 16-ந்தேதிக்கு முன்பே இருந்த வீடாக இருந்தால், அனுமதி வாங்கி பழுது பார்த்துக்கொள்ளலாம். ஒழுகும் கூரையை சரி செய்யவே முடியாது என்று நினைத்து பயப்பட வேண்டியது இல்லை. வீடு அதற்கு முன்பே இருந்தது என்பதற்கான வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் போன்ற பழைய காகிதங்களை பத்திரமாக வைத்திருப்பது நல்லது. அனுமதி இல்லாமல் கட்டிவிட்டு பிறகு மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

இந்த சட்டம் ஏழைக்கு மட்டும் அல்ல. பாதுகாக்கப்பட்ட சின்னங்களை ஒட்டி இருப்பதால், லைட் ஹவுஸ் துறையே அங்கே புதிதாக ஒரு டிக்கெட் கவுண்டரோ கேண்டீனோ கட்ட நினைத்தாலும் இதே சட்டம்தான் குறுக்கே நிற்கும். அதனால் இரண்டு துறையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டம் போடுவதுதான் நல்லது. அந்த கூட்டத்தில் மீனவர்கள், கடைக்காரர்கள், வழிகாட்டிகள், குடியிருப்பவர்கள் ஆகியோரையும் உட்கார வைத்து கேட்டால் பாதி சண்டை முன்பே தீர்ந்துவிடும்.

உளி சத்தம் கேட்கும் ஊர்

மற்ற ஊர் லைட் ஹவுஸ்களுக்கு இல்லாத ஒரு பலம் மாமல்லபுரத்துக்கு இருக்கிறது. கருங்கல்லை கையில் எடுத்தாலே அதன் ஓட்டம் தெரிந்த சிற்பிகள் இந்த ஊரில் தெருவுக்கு தெரு இருக்கிறார்கள். 1957-ல் தொடங்கப்பட்ட அரசு கட்டிட, சிற்பக்கலை கல்லூரியும் இங்கேதான் உள்ளது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உடைந்த கல்லுக்கு பதில் அதே ஜாதி கல்லை தேர்வு செய்வது, பழைய உளி வேலை மாதிரியே கொத்துவது எல்லாம் மெஷின் வேலை அல்ல. கை வேலை. திட்டத்திலேயே உள்ளூர் சிற்பிகளுக்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்கும் இடம் ஒதுக்கினால் கட்டிடமும் பிழைக்கும், நாலு குடும்பமும் பிழைக்கும்.

பிழைத்ததும், போனதும்

திட்டம் போட்டதால் பிழைத்த லைட் ஹவுசுக்கு அமெரிக்காவின் கேப் ஹேட்டரஸ் நல்ல உதாரணம். 1870-ல் கட்டிய சுமார் 200 அடி உயர செங்கல் கோபுரம் அது. கட்டும்போது கடல் 1,500 அடி தூரத்தில் இருந்தது. 1970-க்குள் 120 அடிக்கு வந்துவிட்டது. தடுப்பு சுவர் கட்டுவதா, கோபுரத்தையே நகர்த்துவதா என்று நிபுணர்கள் ஆராய்ந்து 1988-ல் நகர்த்தச் சொன்னார்கள். 1999-ல் தண்டவாளம் போட்டு 23 நாளில் 2,900 அடி தூரம் முழு கோபுரத்தையும் அப்படியே நகர்த்திவிட்டார்கள். நகர்த்தியது 23 நாளில். அதற்கு முன்பு யோசித்தது பல வருஷம்!

நம் ஊர் கதை வேறு. நாகை மாவட்டம் கோடியக்கரையில் சோழர் காலத்து லைட் ஹவுஸ் ஒன்று இருந்தது. சிதைந்துபோய் அடிப்பகுதிதான் மிச்சமாக நின்றது. 2004 டிசம்பர் 26-ந்தேதி வந்த சுனாமி அதையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. இனிமேல் எத்தனை கோடி செலவு செய்தாலும் அதை திரும்ப கொண்டு வர முடியாது.

மாமல்லபுரத்து விளக்குகள் குன்றின் மேல் இருப்பதால் அலை அவ்வளவு சீக்கிரம் தொடாது. ஆனால் உப்பு, துரு, செடி, கூட்டம், அவசர சிமெண்டு ஆகியவை சத்தம் போடாமல் வரும் சுனாமி. அதனால் திட்டத்தின் கடைசி பக்கத்தில் வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை கண்டிப்பாக இருக்க வேண்டும். மழைக்கு முன் வடிகால் சுத்தம் செய்வது, செடி பிடுங்குவது, இரும்புக்கு வர்ணம் பூசுவது, விரிசலை பார்த்து குறித்து வைப்பது போன்றவை சின்ன வேலைதான். செலவும் குறைவு. அதை விட்டுவிட்டால்தான் பிறகு கோடிக்கணக்கில் செலவு வந்து நிற்கும்.

1904-ல் ஏற்றிய விளக்கு இன்னும் எரிகிறது. அது எரிகிற வரைக்கும் கோபுரத்தை கவனிக்க ஆள் இருப்பார்கள். விளக்கு இல்லாத பழைய கோவிலை கவனிக்க வேண்டிய பொறுப்பு, அரசாங்கத்தோடு சேர்த்து அதன் நிழலில் பிழைக்கும் ஊருக்கும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.